கம்ப்யூட்டரில் டி.வி.: தூரத்து சிக்னலுக்கு எந்த ஆன்டெனா வாங்குவது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. "இதில் டி.வி. பார்க்க முடியுமா?" என்பதுதான் அது. தாராளமாகப் பார்க்கலாம். இன்டர்நெட் வழியாகப் பார்ப்பது ஒரு வகை. இன்டர்நெட்டும் இல்லாமல், மாதக் கட்டணமும் இல்லாமல், காற்றில் வரும் ஒளிபரப்பை ஆன்டெனாவால் பிடித்து, டி.வி. ட்யூனர் என்ற சிறு கருவி மூலம் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வருவது இன்னொரு வகை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

இந்தியாவில் தூர்தர்ஷனின் பழைய அனலாக் நிலையங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. வீட்டு மாடியில் ஆன்டெனா வைப்பது அங்கே பழைய கதை. ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் நிலைமை வேறு. அமெரிக்கா 2009 ஜூன் 12 அன்றும், கனடாவின் பெரிய நகரங்கள் 2011 ஆகஸ்ட் 31 அன்றும் டிஜிட்டல் ஒளிபரப்புக்கு மாறின. அதன் பிறகு ஹெச்.டி. தரத்தில் நல்ல படம் இலவசமாகவே காற்றில் வருகிறது. நான் டொராண்டோ பகுதியில் வசிப்பதால் இங்குள்ள நிலையங்களையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் என்று நம்மவர்கள் நிறைய பேர் வசிக்கும் பகுதி இது. ஊரில் இருக்கும் வாசகர்களும் தொடர்ந்து படிக்கலாம். 4ஜி ரூட்டருக்கு வெளி ஆன்டெனா வைப்பவர்களுக்கும் இதே அடிப்படைதான்.

ஏஜாக்ஸில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கணவருக்கு வேலை போய், அடுத்தது கிடைக்கும் வரை செலவைக் குறைக்க வேண்டிய நிலை. முதலில் நிறுத்தியது கேபிள் டி.வி.யைத்தான். வீட்டில் வயதான அம்மா இருக்கிறார். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆன்டெனாவுக்கு என்று அவர்கள் ஒதுக்கியது 150 டாலர். "300 மைல் தூரம் பிடிக்கும், பூஸ்டர் சேர்ந்தது" என்று பெட்டியில் போட்டிருந்த ஒரு ஆன்டெனாவை வாங்கலாமா என்று கேட்டார்கள். தப்பான பொருளை வாங்கிவிட்டால் இன்னொன்று வாங்கக் கையில் பணம் இல்லை. அவர்களுக்கு நான் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே தருகிறேன்.

பெட்டியில் போட்டிருக்கும் மைல் கணக்கு

டி.வி. அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமி உருண்டை. எனவே ஒரு தூரத்துக்கு மேல் ஒளிபரப்பு கோபுரம் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். இந்தத் தூரத்தைக் கணக்கிட எளிய சூத்திரம் இருக்கிறது. கோபுரத்தின் உயரத்துக்கு மீட்டரில் வர்க்கமூலம் எடுங்கள். உங்கள் ஆன்டெனாவின் உயரத்துக்கும் அப்படியே எடுங்கள். இரண்டையும் கூட்டி 4.12 ஆல் பெருக்கினால் விடை கிலோமீட்டரில் கிடைக்கும்.

டொராண்டோவின் சி.என். டவர் மொத்தம் 553 மீட்டர் உயரம். ஒளிபரப்பு ஆன்டெனாக்கள் அதன் உச்சிப் பகுதியில் உள்ளன. 500 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் ஆன்டெனா 9 மீட்டர் உயரத்தில் இருந்தால் விடை சுமார் 105 கிலோமீட்டர். உலகின் மிக உயரமான கோபுரங்களில் ஒன்றுக்கே இவ்வளவுதான் வருகிறது. 300 மீட்டர் கோபுரம் என்றால் 84 கிலோமீட்டர்தான். இதற்கு மேலும் அலைகள் கொஞ்சம் வளைந்து வரும். ஆனால் மிகவும் பலவீனமாக வரும். 300 மைல் என்பது 480 கிலோமீட்டர். அந்த எண்ணைப் பெட்டியில் அச்சடிக்க எந்தச் சோதனையும் தேவையில்லை. எனவே மைல் கணக்கைப் பார்த்து ஆன்டெனா வாங்க வேண்டாம்.

முதலில் கம்ப்யூட்டர், பிறகுதான் கடை

ஆன்டெனாவைத் தேர்ந்தெடுக்கும் வேலை உங்கள் கம்ப்யூட்டரில்தான் தொடங்குகிறது. பிரவுசரைத் திறந்து ராபிட்இயர்ஸ்.இன்போ என்ற தளத்துக்குச் செல்லுங்கள். அமெரிக்க, கனடிய நிலையங்கள் இரண்டும் இதில் உண்டு. சிக்னல் தேடும் பகுதியில் உங்கள் வீடு இருக்கும் இடத்தைக் குறித்து, ஆன்டெனா வைக்கப்போகும் உயரத்தையும் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். அதில் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

1. தூரம்: நிலையத்தின் கோபுரம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது.

2. திசை: வடக்கை 0 எனக் கொண்டு டிகிரியில் தரப்பட்டிருக்கும். 90 என்றால் கிழக்கு, 180 தெற்கு, 270 மேற்கு.

3. சிக்னல் அளவு: டெசிபல் என்ற அலகில் இருக்கும். 3 டெசிபல் கூடினால் சக்தி இரு மடங்கு. 10 டெசிபல் கூடினால் பத்து மடங்கு. குறைந்தாலும் இதே கணக்குதான்.

4. உண்மையான ஒளிபரப்பு சானல்: இதைத்தான் பெரும்பாலோர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அடுத்த பகுதியில் விளக்குகிறேன்.

ஏஜாக்ஸ் வீட்டுக்கு இந்தத் தேடலைச் செய்தோம். சி.என். டவர் தென்மேற்கே சுமார் 37 கிலோமீட்டரில் இருக்கிறது. ஒன்டாரியோ ஏரிக்கு அக்கரையில், அமெரிக்காவின் பஃபலோ நகர நிலையங்கள் இரண்டு இடங்களில் இருக்கின்றன. ஃபாக்ஸ், பி.பி.எஸ். ஆகியவை கிராண்ட் ஐலண்ட் என்ற இடத்திலிருந்து வருகின்றன. ஏறக்குறைய நேர் தெற்கே, சுமார் 90 கிலோமீட்டர். ஏ.பி.சி., சி.பி.எஸ். இரண்டும் பஃபலோவுக்குத் தெற்கே கோல்டென் என்ற மலைப்பாங்கான ஊரிலிருந்து வருகின்றன. அது சுமார் 135 கிலோமீட்டர். ஆக, டொராண்டோ நிலையங்கள் பலமாகவும், கிராண்ட் ஐலண்ட் பலவீனமாகவும், கோல்டென் மிகப் பலவீனமாகவும் வரும் என்பது ஒரு காசு செலவழிக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

திரையில் தெரியும் எண் வேறு, காற்றில் வரும் எண் வேறு

டி.வி.யில் 7.1 என்று தெரிந்தால் அந்த நிலையம் 7ஆம் சானலில் ஒளிபரப்புகிறது என்று நினைத்துவிடாதீர்கள். டிஜிட்டலுக்கு மாறியபோது பல நிலையங்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விட்டன. மக்களுக்குப் பழகிய பழைய எண்ணை மட்டும் திரையில் காட்டுகின்றன. பஃபலோவின் என்.பி.சி. 2.1 என்றும், சி.பி.எஸ். 4.1 என்றும், ஏ.பி.சி. 7.1 என்றும் தெரியும். மூன்றுமே உண்மையில் யு.ஹெச்.எஃப். அலைவரிசையில் வருபவை. டொராண்டோவின் சி.டி.வி. 9.1 என்று தெரியும். அது உண்மையிலேயே வி.ஹெச்.எஃப். அலைவரிசையில் வருகிறது.

இது ஏன் முக்கியம்? ஆன்டெனாவின் அளவை அலைவரிசைதான் தீர்மானிக்கிறது. வட அமெரிக்காவில் டி.வி.க்கு மூன்று பட்டைகள் உள்ளன.

கீழ் வி.ஹெச்.எஃப்., 2 முதல் 6 வரை: 54 முதல் 88 மெகாஹெர்ட்ஸ். சில ஊர்களில் மட்டும் பயன்படுகிறது.

மேல் வி.ஹெச்.எஃப்., 7 முதல் 13 வரை: 174 முதல் 216 மெகாஹெர்ட்ஸ்.

யு.ஹெச்.எஃப்., 14 முதல் 36 வரை: 470 முதல் 608 மெகாஹெர்ட்ஸ். பெரும்பாலான நிலையங்கள் இங்கேதான் இருக்கின்றன. 37க்கு மேற்பட்ட டி.வி. சானல்கள் செல்போன் சேவை போன்றவற்றுக்காக எடுக்கப்பட்டுவிட்டன.

ஆன்டெனாவின் முக்கியக் கம்பி சுமாராக அலைநீளத்தில் பாதி இருக்க வேண்டும். யு.ஹெச்.எஃப். என்றால் அது 25 முதல் 30 சென்டிமீட்டர். மேல் வி.ஹெச்.எஃப். என்றால் சுமார் 75 சென்டிமீட்டர். கீழ் வி.ஹெச்.எஃப். என்றால் இரண்டு மீட்டருக்கு மேலும் போகும். எனவே கடைக்குப் போகும்போது ஒரு இன்ச் டேப் எடுத்துச் செல்லுங்கள். சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி, தூரத்து வி.ஹெச்.எஃப். சானல்களையும் பிடிக்கும் என்று சொன்னால் டேப்பை நீட்டிப் பாருங்கள். பதில் உடனே கிடைத்துவிடும்.

எந்த வடிவம்?

வெளியில் வைக்கும் ஆன்டெனாக்களில் மூன்று வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

யாகி: ஊரில் எல்லா மாடியிலும் பார்த்த, மீன் முள் போன்ற வடிவம். ஜப்பானில் உடா, யாகி என்ற இரண்டு பொறியாளர்கள் 1920களில் உருவாக்கியது. ஒரே திசையில் கூர்மையாகப் பிடிக்கும். கம்பிகளின் எண்ணிக்கையும் நீளமும் கூடக் கூடப் பிடிக்கும் சக்தியும் கூடும். பிடிக்கும் திசையின் அகலம் குறையும்.

லாக் பீரியாடிக்: பார்வைக்கு யாகி போலவே இருக்கும். கம்பிகள் பின்னாலிருந்து முன்னால் சீராகக் குட்டையாகிக்கொண்டே வரும். பல அலைவரிசைகளை ஒரே சீராகப் பிடிக்கும். ஆனால் அதே நீளமுள்ள யாகி அளவுக்குச் சக்தி இருக்காது.

பட்டாம்பூச்சிப் பலகை: பின்னால் ஒரு கம்பி வலை, முன்னால் பட்டாம்பூச்சி அல்லது 'போ டை' போன்ற துண்டுகள். துண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து இரண்டு, நான்கு, எட்டு என்று கிடைக்கும். யு.ஹெச்.எஃப்.க்கு மிக நல்லது. நான்கு துண்டு உள்ளது அகலமான திசையில் பிடிக்கும். எட்டு துண்டு உள்ளது அதைவிட 2 அல்லது 3 டெசிபல் கூடுதலாகத் தரும். ஆனால் குறியைத் துல்லியமாக வைக்க வேண்டும். காற்றும் அதிகமாகப் பிடிக்கும்.

தயாரிப்பாளர்கள் ஆன்டெனாவின் சக்தியை டிபிஐ அல்லது டிபிடி என்று தருவார்கள். ஒரே ஆன்டெனாவுக்கு டிபிஐ எண் எப்போதும் 2.15 கூடுதலாக இருக்கும். எனவே இரண்டு ஆன்டெனாக்களை ஒப்பிடும்போது ஒரே அலகில் ஒப்பிடுங்கள். இந்த விவரத்தையே தராமல் மைல் கணக்கை மட்டும் தரும் பொருளை ஒதுக்கிவிடலாம்.

பழைய ஆன்டெனா ஒன்று யாராவது சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாமா? வாங்கிக்கொள்ளலாம். அலுமினியத்துக்கு அனலாக், டிஜிட்டல் என்ற வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தக் காலத்து யு.ஹெச்.எஃப். ஆன்டெனாக்கள் 69ஆம் சானல் வரை, அதாவது 806 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும்படி செய்யப்பட்டவை. பல யாகிகளில் உச்ச சக்தி அந்த மேல் பகுதியில்தான் இருக்கும். இன்றைய 608 மெகாஹெர்ட்ஸுக்குள் அவற்றின் வேலை கொஞ்சம் மந்தம்தான். பலவீனமான சிக்னலுக்குப் பணம் கொடுத்து வாங்குவதாக இருந்தால் இன்றைய பட்டைக்கென்றே செய்யப்பட்டதை வாங்குங்கள்.

பூஸ்டர் என்ன செய்யும், என்ன செய்யாது?

கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வருவதற்கு முன், தென் தமிழகத்தில் பலர் உயரமான ஆன்டெனா வைத்து இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தது நினைவிருக்கலாம். அந்த ஒளிபரப்பு 1982இல் தொடங்கியது. படம் புள்ளி புள்ளியாக இருக்கும். யாராவது ஒருவர் மாடிக்குப் போய்த் திருப்ப, கீழிருந்து "இப்ப பரவாயில்ல" என்று குரல் கொடுப்பார்கள். அனலாக் ஒளிபரப்பில் சிக்னல் குறைந்தால் படம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். பாதி சிக்னலில் பாதிப் படமாவது கிடைக்கும்.

டிஜிட்டலில் அந்தச் சலுகை கிடையாது. சிக்னல், இரைச்சலைவிட சுமார் 15 டெசிபல் கூடுதலாக இருந்தால் படம் கண்ணாடி போலத் தெரியும். 14 ஆகக் குறைந்தால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். ஆக, நமக்கு முக்கியம் சிக்னல் எவ்வளவு என்பது மட்டும் அல்ல; இரைச்சலைவிட அது எவ்வளவு கூடுதல் என்பதுதான்.

இங்கேதான் பூஸ்டரைப் பற்றிய தவறான நம்பிக்கை வருகிறது. கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவே ஒருவர் மெல்லப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எதிரில் மைக் வைத்து ஸ்பீக்கரில் ஒலியைக் கூட்டினால் பேச்சும் கூடும், மேளமும் கூடும். வார்த்தை அதனால் புரிந்துவிடாது. மைக்கை அவர் வாயருகே கொண்டு போனால்தான் புரியும். ஆன்டெனாவை உயர்த்துவதும் பெரிதாக்குவதும் மைக்கை அருகே கொண்டு போவது போன்றது. ஆன்டெனா பிடிக்காத சிக்னலைப் பூஸ்டரால் உண்டாக்க முடியாது.

அப்படியானால் பூஸ்டர் வீணா? இல்லை. அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. ஆன்டெனா பிடித்த சிக்னல் டி.வி.க்கு வரும் வழியில் தேய்ந்துகொண்டே வரும். ஆர்.ஜி.6 கேபிளில் 30 மீட்டருக்கு சுமார் 6 டெசிபல் போய்விடும். இரண்டு டி.வி.க்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் இன்னொரு 3.5 டெசிபல். நான்காகப் பிரித்தால் 7 டெசிபல். ட்யூனரே தன் பங்குக்குச் சுமார் 6, 7 டெசிபல் அளவுக்கு இரைச்சலைச் சேர்க்கும். இந்த நஷ்டங்கள் வருவதற்கு முன்பே, ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே கம்பத்தில் ஒரு நல்ல பூஸ்டரை வைத்தால் சிக்னல் வலுவோடு கீழே இறங்கும். வழியில் தேய்ந்தாலும் பாதிப்பு தெரியாது. அதே பூஸ்டரை டி.வி.க்குப் பின்னால் வைத்தால், ஏற்கெனவே தேய்ந்துபோன சிக்னலைத்தான் அது பெருக்கும். எனவே வைக்கும் இடம்தான் முக்கியம்.

பூஸ்டர் வாங்கும்போது இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, இரைச்சல் எண். 1 முதல் 3 டெசிபலுக்குள் இருப்பது நல்லது. மற்றொன்று, பெருக்கும் அளவு. அதிகம் என்றால் நல்லது என்று நினைக்க வேண்டாம். சி.என். டவருக்குப் பக்கத்தில் இருப்பவர் 30 டெசிபல் பூஸ்டர் வைத்தால், பலமான உள்ளூர் சிக்னலே அதைத் திணறடித்துவிடும். தூரத்து நிலையங்கள் மட்டுமல்ல, உள்ளூர் நிலையங்களும் காணாமல் போகலாம். கேபிள் 10 மீட்டருக்குள் இருந்து, ஒரே ட்யூனர் மட்டும் என்றால் முதலில் பூஸ்டர் இல்லாமலேயே பார்த்துவிடுங்கள். அருகில் செல்போன் கோபுரம் இருந்தால், 608 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளைத் தடுக்கும் எல்.டி.இ. ஃபில்டர் ஒன்றைப் பூஸ்டருக்கு முன்னால் போடுவது பலன் தரும்.

ஏஜாக்ஸ் வீட்டில் செய்தது

மூன்று முடிவுகள் எடுத்தோம்.

முதலாவது, யு.ஹெச்.எஃப்.க்கு நான்கு துண்டுப் பட்டாம்பூச்சிப் பலகை. அதனுடன் மேல் வி.ஹெச்.எஃப்.க்கான கம்பிகளும் சேர்ந்த மாடலாக வாங்கினோம். சி.டி.வி. வர வேண்டுமே!

இரண்டாவது, ஆன்டெனாவைத் தெற்கே திருப்பினோம். "டொராண்டோ தென்மேற்கே அல்லவா இருக்கிறது?" என்று அந்த வீட்டம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பலவீனமான நிலையத்தை நோக்கித்தான் ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும். 37 கிலோமீட்டரில் தடையில்லாமல் தெரியும் சி.என். டவர் சிக்னல், பக்கவாட்டில் வந்தாலும் தேவைக்கு மேலேயே இருக்கும். நான்கு துண்டு மாடலின் அகலமான பார்வை இதற்கும் உதவியது. எட்டு துண்டு வாங்கியிருந்தால் அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

மூன்றாவது, மிச்சப் பணத்தைக் கம்பத்திலும் நல்ல கேபிளிலும் போட்டோம். குறைந்த அளவே பெருக்கும் சிறிய பூஸ்டர் ஒன்றைக் கம்பத்தில் வைத்தோம். பக்கத்து வீட்டுக் கூரையைத் தாண்டி ஏரிப் பக்கம் ஆன்டெனாவுக்கு வழி கிடைக்க, கம்பத்தை ஒன்றரை மீட்டர் உயர்த்த வேண்டியிருந்தது. அந்த ஒன்றரை மீட்டர் செய்த உதவியை எந்தப் பூஸ்டரும் செய்திருக்காது.

பலன் என்ன? டொராண்டோ நிலையங்கள் எல்லாம் கிடைத்தன. பிள்ளைகளுக்கு டி.வி.ஓ.வின் குழந்தைகள் நிகழ்ச்சிகளும், அம்மாவுக்கு செய்திகளும் உறுதியாயின. கிராண்ட் ஐலண்டின் இரண்டு நிலையங்கள் பெரும்பாலும் நிலையாக வந்தன. கோல்டென் நிலையங்கள் மாலையில் நன்றாகவும் பகலில் விட்டுவிட்டும் வந்தன. கிடைக்காததை முன்பே சொல்லியிருந்ததால் யாருக்கும் ஏமாற்றம் இல்லை.

ஏரி செய்யும் மாயம்

பகலுக்கும் இரவுக்கும் ஏன் இந்த வித்தியாசம்? வசந்த காலத்திலும் கோடையிலும் ஏரி நீர் குளிர்ந்திருக்கும். அதன் மேல் வெதுவெதுப்பான காற்று படரும். இப்படிக் கீழே குளிர், மேலே வெப்பம் என்று காற்று அடுக்கடுக்காக நிற்கும்போது டி.வி. அலைகள் பூமியின் வளைவை ஒட்டியே வளைந்து வெகுதூரம் செல்லும். அன்று ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நிலையம்கூடத் திடீரென்று எட்டிப் பார்க்கலாம். மறுநாள் போய்விடும்.

இதில் உங்களுக்கான பாடம்: ஒரே ஒரு இரவு சோதித்துவிட்டு "எல்லாம் வருகிறது" என்று திருகாணியை இறுக்கிவிடாதீர்கள். குறைந்தது மூன்று நான்கு நாட்கள், நடுப்பகலிலும் சேர்த்துப் பாருங்கள். நடுப்பகலில் வருவதுதான் உங்கள் உண்மையான சிக்னல். மரங்களையும் மறக்க வேண்டாம். குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும் மரம் ஜூன் மாதத்தில் இலைச் சுவராகிவிடும்.

கம்ப்யூட்டரில் இணைப்பது

ட்யூனரில் இரண்டு வகை உண்டு. பென் டிரைவ் போல யு.எஸ்.பி. போர்ட்டில் செருகுவது ஒன்று. இன்டர்நெட் ரூட்டருடன் இணைத்து, வீட்டில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரிலும் பார்க்க வசதியானது மற்றொன்று. ஹெச்.டி.ஹோம்ரன் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இரண்டில் எதை வாங்கினாலும் ஏ.டி.எஸ்.சி. என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அமெரிக்கா, கனடாவுக்கு அதுதான் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைத்தது என்று யாராவது வாங்கி வரும் பழைய அனலாக் ட்யூனரோ, ஐரோப்பாவுக்கான டி.வி.பி.-டி. ட்யூனரோ இங்கே வேலை செய்யாது.

கம்ப்யூட்டர் இருப்பதன் பெரிய நன்மை, ஆன்டெனாவைத் திருப்பும்போது சிக்னலை எண்ணாகவே பார்க்கலாம் என்பது. ஹெச்.டி.ஹோம்ரன் சாப்ட்வேர் மூன்று அளவுகளைக் காட்டும்: சிக்னல் பலம், சிக்னல் தரம், சிம்பல் தரம். புதியவர்கள் பலத்தை மட்டும் பார்ப்பார்கள். பூஸ்டர் போட்டால் பலம் எப்படியும் ஏறும். அதனால் பயன் இல்லை. சிக்னல் தரம் ஏறும் திசையில் ஆன்டெனாவைத் திருப்புங்கள். சிம்பல் தரம் அசையாமல் 100இல் நின்றால் படம் உடையாது. இது எப்போதும் 100ஐ விட்டு இறங்கி ஏறிக்கொண்டிருந்தால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்று பொருள்.

நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யப் போகிறவர்கள் ஹார்ட் டிஸ்க்கில் இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு ஏ.டி.எஸ்.சி. ஒளிபரப்பின் முழு வேகம் நொடிக்கு 19.39 மெகாபிட். ஒரே நிகழ்ச்சி அதை முழுவதும் எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 8.7 ஜி.பி. வரை ஆகும். யு.எஸ்.பி. ட்யூனரைக் கம்ப்யூட்டரில் நேரடியாகச் செருகாமல், சிறிய எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுத் தள்ளி வைப்பது நல்லது. கம்ப்யூட்டர் எழுப்பும் மின் இரைச்சலும் பலவீனமான சிக்னலைக் கெடுக்கும்.

உயிரை விடப் பெரிதல்ல

படத்துக்காகக் கூரை ஏறுபவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். ஆன்டெனா, கம்பம் இரண்டும் உலோகம். அருகில் செல்லும் மின்கம்பியில் ஒருமுறை பட்டால் போதும். கம்பமும் ஆன்டெனாவும் சேர்ந்த நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது மின்கம்பிக்கும் உங்களுக்கும் நடுவே இருக்க வேண்டும். அப்படி இடம் இல்லையென்றால் வேறு இடம் தேடுங்கள். தனியாக ஏறாதீர்கள். காற்றடிக்கும் நாளிலும், பனி உறைந்திருக்கும் நாளிலும் வேண்டவே வேண்டாம்.

கம்பத்தைச் செம்புக் கம்பியால் வீட்டின் எர்த்துடன் இணைக்க வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலும் அதற்கான எர்த் பிளாக் ஒன்றைப் போட்டு அதே எர்த்துடன் இணைக்க வேண்டும். நேரடி இடியை இது தடுத்துவிடாது. ஆனால் கம்பத்தில் சேரும் மின்னேற்றத்தைப் பூமிக்குள் இறக்கும். உங்கள் ட்யூனரையும் கம்ப்யூட்டரையும் காப்பாற்றும். இதில் சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வாடகை வீடு, அடுக்குமாடி என்றால் முதலில் அனுமதி வாங்கிவிடுங்கள். கூரை ஏற முடியாதவர்களுக்கு, கோபுரத் திசையைப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே அல்லது பால்கனியில் வைத்தாலும் உள்ளே வைப்பதைவிட நல்ல பலன் கிடைக்கும்.

வாங்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

1. எனக்கு உண்மையிலேயே வேண்டிய நிலையங்கள் எவை? அவற்றின் தூரம், திசை, உண்மையான சானல் என்ன?

2. எல்லாம் யு.ஹெச்.எஃப். தானா, வி.ஹெச்.எஃப்.பும் உண்டா?

3. அவை ஒரே திசையில் உள்ளனவா? இல்லையென்றால் எது பலவீனமானது?

4. எவ்வளவு உயரம் வைக்க முடியும்? எதிரே மரம், கட்டடம் உண்டா?

5. கேபிள் எத்தனை மீட்டர்? எத்தனை டி.வி. அல்லது ட்யூனர்?

6. எர்த் எங்கே இருக்கிறது? மின்கம்பி எவ்வளவு தூரம்?

இந்த ஆறுக்கும் பதில் எழுதிவிட்டால், கடையில் எந்தப் பெட்டியை எடுப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும். கையில் 150 டாலர்தான் என்றால், செலவழிக்கும் வரிசை இதுதான்: முதலில் சரியான பட்டைக்கான ஆன்டெனா, அடுத்து உயரம், அடுத்து நல்ல கேபிளும் எர்த்தும், கடைசியில் தேவைப்பட்டால் மட்டும் பூஸ்டர். விளம்பரங்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்லும். நீங்கள் கீழிருந்து தொடங்காதீர்கள்.